எரிச்சே மலையூர்: போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

சிசிலித் தீவின் மேற்கு முனையில், திராப்பனி துறைமுகத்துக்கு நேர் மேலே, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது எரிச்சே. முதல் தடவை ஓர் இயற்பியல் வகுப்புக்காகப் போய்ப் பத்து நாள் தங்கினேன். அப்புறம் தனியாக ஒரு தடவை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை. சிசிலி போகிறோம் என்று சொல்கிற நண்பர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியவை இங்கே ஒன்றாக இருக்கின்றன.

அப்படி என்ன இருக்கிறது அந்த ஊரில்?

சுற்றிலும் மதில். உள்ளே கல் பாவிய சந்துகள், சின்னதும் பெரியதுமாக நிறையத் தேவாலயங்கள், ஒரு மூலையில் செங்குத்துப் பாறைமேல் ஒரு கோட்டை. வரைபடத்தில் பார்த்தால் ஊர் முக்கோணமாக இருக்கும். குறுக்கே நடந்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிற அளவுதான்.

ஆனால் இந்தச் சின்ன இடத்துக்காக வட ஆப்பிரிக்கக் கரையில் இருந்த கார்த்தேஜும் ரோமும் சண்டை போட்டிருக்கின்றன. பினீசியர்கள் அஸ்தார்த்தே என்றும், கிரேக்கர்கள் அஃப்ரோதித்தே என்றும், ரோமர்கள் வீனஸ் என்றும் கும்பிட்ட ஒரே தெய்வத்தின் இருப்பிடம் இந்த மலையுச்சி. அதற்கும் முன்னால் இங்கே இருந்தவர்கள் எலிமியர் என்ற பழங்குடி. அரபியர் ஆண்டபோது இதற்கு கெபெல் ஹமீத் என்று பெயர். நார்மன்கள் வந்தபின் மோந்தே சான் ஜூலியானோ ஆனது. 1934-இல்தான் பழைய பெயரே திரும்பி வந்தது. ஆட்சி மாற மாற ஊர்ப் பெயர் மாறியிருக்கிறது, மலை மட்டும் அப்படியே.

இரண்டு மணி நேரம் போதும் என்கிறார்களே?

போதாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். ஒரு ராத்திரியாவது மேலே தங்குங்கள்.

காலை பத்தரை மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகளும் கேபிள் காரும் கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கும். பிரதானத் தெருவான வித்தோரியோ எமானுவேலே தெரு முழுக்க ஆட்கள். கோட்டையில் ஒரு படம், கடையில் ஓர் இனிப்பு, மூன்று மணிக்குக் கீழே. அவர்களைக் குறை சொல்லவில்லை, தனியாகப் போனபோது நானும் அப்படித்தான் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு இறங்கினேன். பத்து நாள் அங்கேயே இருந்தவனுக்கு அன்றைக்கு அது வேறு ஏதோ ஊர் போலத் தெரிந்தது.

சாயங்காலம் கடைசி கேபிள் கார் இறங்கியதும் ஊர் சட்டென்று அமைதியாகிவிடும். நகராட்சிக் கணக்கில் எரிச்சேக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் மக்கள்தொகை உண்டு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் மலையடிவாரத்தில் காசா சாந்தா பக்கம் இருக்கிறார்கள். மதிலுக்குள் வருடம் முழுக்க வசிப்பவர்கள் சில நூறு பேர்தான். இரவு ஒன்பது மணிக்கு ஒரு சந்தில் நடந்தால் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். பாலியோ தோட்டத்துச் சுவர் ஓரமாக நின்றால் கீழே திராப்பனியின் விளக்குகள் கடலுக்குள் நீட்டிய அரிவாள் போல வளைந்து கிடக்கும். திராப்பனியின் பழைய பெயரான திரெப்பனோன் என்பதற்குக் கிரேக்கத்தில் அரிவாள் என்றுதான் பொருள். பகலில் அந்த வடிவம் அவ்வளவாகத் தெரியாது.

எப்படிப் போய்ச் சேருவது?

பக்கத்து விமான நிலையம் திராப்பனி பீர்ஜி. ஆனால் விமானங்கள் அதிகம் வருவது பலேர்மோவுக்கு. பலேர்மோவிலிருந்து திராப்பனி சுமார் நூறு கிலோமீட்டர், பேருந்து உண்டு.

திராப்பனியிலிருந்து மேலே ஏற நாலு வழி. கேபிள் கார், ஊர்ப் பேருந்து, வாடகைக் கார், இல்லாவிட்டால் நடை. கேபிள் காருக்குப் பலகையில் ‘ஃபூனிவியா’ என்று போட்டிருக்கும். பத்து நிமிடத்தில் மேலே கொண்டுபோய் திராப்பனி வாசலுக்குப் பக்கத்தில் விடும். ஏறும்போது மலைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். உப்பளங்களும் எகாடித் தீவுகளும் கொஞ்சம் கொஞ்சமாக விரிவதைப் பார்க்கலாம்.

நடந்து ஏற நினைப்பவர்களுக்கு சாந்தான்னா ஆலயத்தின் வழியாக ஒரு பழைய பாதை உண்டு. ஏற்றம் கடுமை, நிழல் குறைவு. வெயில் காலத்தில் விடியற்காலையில் கிளம்பாவிட்டால் வேண்டாம்.

கேபிள் கார் ஓடாத நாட்கள் உண்டாமே?

உண்டு. காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகச் சில வாரங்கள், சில வருடம் அதற்கும் மேல், மூடியே இருக்கும். கிளம்புகிற அன்று காலையில் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். நேரமும் கட்டணமும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் நான் இங்கே எழுதவில்லை. ஓடாவிட்டால் பேருந்து இருக்கிறது. வளைந்து வளைந்து ஏறும், வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருவது நல்லது.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர். ஆகஸ்டில் இத்தாலி முழுக்க விடுமுறை, தங்க இடம் கிடைப்பது கஷ்டம். எந்த மாதமானாலும் ஸ்வெட்டர் வேண்டும். கீழே திராப்பனியில் இருப்பதைவிட மேலே ஐந்தாறு டிகிரி குறைவு, காற்றும் சேர்ந்துகொண்டால் அதற்கும் மேல் குளிரும். ஜூன் மாதம்தானே என்று அரைக்கைச் சட்டையோடு ஏறியவர்கள் கடைகளில் போர்வை தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

புனித வெள்ளி சமயத்தில் போக முடிந்தால் போங்கள். அன்று பிற்பகல் திராப்பனியில் தொடங்கும் ஊர்வலத்தில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் இருபது சிலைத் தொகுதிகளைத் தோளில் சுமந்து, மறுநாள் வரை ஊரைச் சுற்றி வருவார்கள். ‘மிஸ்தேரி’ என்று பெயர். எரிச்சேயிலும் அதே நாளில் சின்ன அளவில் ஓர் ஊர்வலம் நடக்கும்.

மூடுபனி வந்தால் அந்த நாள் வீண்தானே?

கடல்காட்சிக்காக மட்டும் போனால் வீண்தான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து, ஊர்மேல் மேகமாக உட்கார்ந்துவிடுகிறது. கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும்போது மேலே எதிரே வருகிறவர் முகம் தெரியாது. வெள்ளைத் தொப்பி போட்ட மாதிரி மலையைத் திராப்பனியிலிருந்து பார்க்கலாம். ஊர்க்காரர்கள் இதை ‘வீனஸின் முத்தம்’ என்கிறார்கள்.

அம்மாவோடு போனபோது இரண்டாம் நாள் காலையில் அந்தப் பனி வந்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு இல்லை. அப்படியே வெளியே போனோம். சந்தின் முனையில் பனி உருண்டு உருண்டு வந்துகொண்டிருந்தது, அடுப்பில் ஈர விறகு வைத்தால் வருகிற புகை மாதிரி. கற்களெல்லாம் நனைந்து கறுத்திருந்தன. எங்கேயோ மணி அடித்தது, எந்தத் திசை என்று தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்பதான்டா இது பழைய ஊரு மாதிரி இருக்கு” என்றார். பதினோரு மணிக்கெல்லாம் பனி கிழிந்து, அந்தக் கிழிசலில் முதலில் கோட்டையும் அப்புறம் கடலும் தெரிந்தன. நல்ல வெயிலில் பார்த்ததைவிட அதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வழுக்கும், அது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது.

வீனஸ் கோட்டையில் அந்தப் பழைய கோயில் இன்னும் இருக்கிறதா?

கட்டடமாக இல்லை. கோயில் இருந்த பாறையின்மேல் 12-ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் கோட்டை எழுப்பினார்கள், கோயிலின் கற்களையே எடுத்துக் கட்டினார்கள். உள்ளே போனால் வெட்டவெளி, சில அடித்தளங்கள், ‘வீனஸின் கிணறு’ என்று சொல்லப்படும் பாறைக்குழி. தூண் வரிசையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். கதைகளைத் தெரிந்துகொண்டு போனால் ஒரு மணி நேரம் உட்காரலாம்.

முதலாவது, புறாக்களின் கதை. கோயிலில் புறாக்கள் கூட்டமாக வாழ்ந்தன. வருடத்தில் ஒரு நாள் தெய்வம் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போவதாக நம்பிக்கை. அன்று புறாக்களும் காணாமல் போகும். ஒன்பது நாள் கழித்து, தெற்கிலிருந்து சிவப்பு நிறப் புறா ஒன்று தனியாகப் பறந்து வரும், அதன் பின்னால் மற்றவை. தெய்வம் திரும்பிவிட்டது என்று ஊரே விழா எடுக்கும். கோட்டையின் தென்பக்கம் நின்று அந்தத் திசையைப் பாருங்கள். கடலுக்கு அப்பால் இருப்பது துனிசியா.

இரண்டாவது, வெள்ளிப் பாத்திரங்களின் கதை. பக்கத்து நகரமான செஜெஸ்தா, எதிரிகளோடு சண்டைக்கு ஏதென்ஸின் உதவியைக் கேட்டது. செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பார்க்க ஏதென்ஸிலிருந்து தூதர்கள் வந்தார்கள். செஜெஸ்தாக்காரர்கள் அவர்களை இந்த மலைக்கோயிலுக்குக் கூட்டிவந்து காணிக்கைக் கிண்ணங்கள், அகப்பைகள், தூபக்கால்களை வரிசையாகக் காட்டினார்கள். எல்லாம் வெள்ளி. பார்வைக்குப் பெரிய குவியல், விலைமதிப்பில் சொற்பம். கீழே வீடுகளில் விருந்து வைத்தபோதும், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து இரவல் வாங்கிய அதே பொன், வெள்ளிக் கோப்பைகள் வீட்டுக்கு வீடு சுற்றி வந்தன. தூதர்கள் நம்பிவிட்டார்கள். கி.மு. 415-இல் ஏதென்ஸ் பெரும் கப்பற்படையை அனுப்பியது. வந்து பார்த்தால் கையிருப்பு, அந்தக் காலப் பணக் கணக்கில், முப்பது தாலந்துதான். இரண்டு வருடத்தில் அந்தப் படை சிசிலியிலேயே அழிந்தது. அந்தக் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதி வைத்துவிட்டுப் போன சம்பவம் இது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரோமும் கார்த்தேஜும் மோதிய முதல் பியூனிக் போரில், கி.மு. 244-இல் கார்த்தேஜின் தளபதி ஹமில்கார் பார்க்கா இங்கே எரிக்ஸ் நகரைக் கைப்பற்றினார். எரிச்சேயின் பழைய பெயர்தான் எரிக்ஸ். உச்சியில் கோயிலருகே ரோமர்கள், அடிவாரத்திலும் ரோமர்கள், நடுவே அவர். போர் முடியும்வரை இடம் பெயரவில்லை. கி.மு. 241-இல் கீழே எகாடித் தீவுகளுக்கு அருகே கடற்போரில் கார்த்தேஜ் தோற்றபிறகுதான் அவர் இறங்கினார். இருபத்து நாலு வருடம் கழித்து அவருடைய மகன் ஹானிபால், இத்தாலிக்குள் திராசிமேனோ ஏரிக்கரையில் ரோமப் படையைத் துடைத்தெடுத்தார். நிலைகுலைந்த ரோம் என்ன செய்தது? அப்பன் முற்றுகையில் இருந்த இந்த மலையின் தெய்வத்தை மகனுக்கு எதிராகத் துணைக்கு அழைத்தது. கி.மு. 215-இல் ரோமின் காப்பிட்டோலியன் குன்றில் ‘எரிக்ஸின் வீனஸ்’ என்ற பெயரிலேயே கோயில் கட்டி வைத்தார்கள். கோட்டை மதிலில் சாய்ந்து எகாடித் தீவுகளைப் பார்க்கும்போது இது முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்கும். அந்தக் கடற்போரில் மூழ்கிய கப்பல்களின் வெண்கல முட்டுமுனைகளை, அதாவது எதிரிக் கப்பலை இடிக்க முன்னால் பொருத்தியவற்றை, இந்த நூற்றாண்டில்தான் கடலடியிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கோட்டையைத் தவிர எதைப் பார்க்காமல் வரக்கூடாது?

மதிலை. எல்லாரும் அதைத் தாண்டி உள்ளே போகிறார்களே தவிர, நின்று பார்ப்பதில்லை. ஊரின் மேற்கு ஓரமாக திராப்பனி வாசலிலிருந்து ஸ்பாதா வாசல் வரை நடங்கள். அடியில் இருப்பவை பெரிய முரட்டுக் கற்கள், கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. மேலே போகப் போக கற்கள் சின்னதாகும், காலம் பிந்தையதாகும். சில கற்களில் பினீசிய எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். என் உள்ளங்கை அகலம் இருந்த ஓர் எழுத்தின் பள்ளத்தில் பாசி பிடித்திருந்தது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில்தான் அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் மாதா கோயில், அதாவது தலைமைத் தேவாலயம். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரகோன் வம்சத்து அரசர் மூன்றாம் ஃபெதெரிக்கோ காலத்தில் கட்டியது. உள்ளே இருக்கும் அலங்காரம் 19-ஆம் நூற்றாண்டு வேலை. மணிக்கூண்டு தேவாலயத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது, காவல் கோபுரமாக இருந்தது என்கிறார்கள். நூற்றுச் சொச்சம் படிகள், ஏறத்தான் வேண்டும்.

மற்றபடி, தெருக்கள். தரையில் நீளக் கற்களால் கட்டம் கட்டி, உள்ளே சின்னக் கற்களை அடுக்கியிருப்பார்கள், பாய் முடைந்த மாதிரி. சில சந்துகளில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். தெருவைப் பார்த்த சுவர்கள் மொட்டையாக இருக்கும், வாழ்க்கை முழுவதும் உள்முற்றத்தில். கதவு திறந்திருந்தால் பூந்தொட்டிகள் தெரியும். அவை குடியிருப்பவர்களின் வீடுகள், கேட்காமல் நுழைய வேண்டாம். “பொஞ்ஜோர்னோ” என்று சொல்லிப் புன்னகைத்தால் பல சமயம் அவர்களே உள்ளே கூப்பிடுவார்கள்.

விஞ்ஞானிகள் கூடும் ஊர் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். எத்தோரே மயோரானா என்ற சிசிலிக்காரர், அபாரமான இயற்பியலாளர். 1938-இல் பலேர்மோவுக்கும் நேப்பிள்ஸுக்கும் இடையிலான கப்பல் பயணத்தோடு காணாமல் போனார். அவர் பெயரில், திராப்பனியில் பிறந்த இயற்பியலாளர் அந்தோனினோ சிகிகி 1963-இல் இங்கே ஒரு மையம் தொடங்கினார். கைவிடப்பட்டுக் கிடந்த பழைய மடங்களைப் பழுதுபார்த்து வகுப்பறைகளாகவும் தங்கும் அறைகளாகவும் ஆக்கினார்கள். 1982-இல் இயற்பியலாளர்கள் பால் டிராக், பியோத்தர் கபித்சா, சிகிகி மூவரும் சேர்ந்து, அறிவியல் ஆராய்ச்சியில் இரகசியம் கூடாது என்று அறிக்கை வெளியிட்டது இங்கிருந்துதான். நான் தங்கிய அறை ஒரு காலத்தில் துறவியின் அறை, சுவர் என் முழங்கை நீளத்துக்கும் மேல் தடிமன். கருத்தரங்கு நடக்கும் நாட்களில் அறிமுக அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி சமன்பாடு பேசிக்கொண்டு போகிறவர்களை நீங்களும் சந்துகளில் பார்ப்பீர்கள்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள். இந்தப் பகுதியின் ‘புசியாத்தே’ என்ற முறுக்கிய பாஸ்தாவை, பாதாம், தக்காளி, பூண்டு, துளசி இனத்து இலை சேர்த்து அரைத்த திராப்பனிச் சட்னியில் புரட்டித் தருவார்கள். சட்னி என்பது என் சொல், அவர்கள் பெஸ்தோ என்பார்கள். அம்மியில் அரைத்த ருசி இருக்கும். ஆட்டுப்பால் சீஸ் உண்டு. ‘பானே குன்சாத்தோ’ என்ற ரொட்டியில் நெத்திலி வைப்பார்கள், “சென்சா அச்சூகே” என்று சொன்னால் வைக்காமல் தருவார்கள். கூஸ்கூஸ் இங்கே மீன் சாற்றோடு வரும், சைவர்களுக்கு ஆகாது.

இனிப்புதான் எரிச்சேயின் தனிப்பெருமை. வெளியுலகத்துக்கு அடைத்துக்கொண்டு வாழ்ந்த கன்னியர் மடங்களில் பாதாமில் பலகாரம் செய்து விற்றார்கள். அந்தக் கைப்பக்குவம்தான் இன்றைய கடைகளில் தொடர்கிறது. ‘ஜெனோவேசே’ என்ற உருண்டைப் பலகாரத்தை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு வாங்குங்கள், ஆறினதை வாங்காதீர்கள். மேலே தூள் சர்க்கரை, கடித்தால் மேல்மாவு பொடிந்து உள்ளேயிருந்து சூடான பால்கிரீம் வழியும். அம்மா ஸ்வெட்டர் முழுக்கச் சர்க்கரையோடு, “சோமாசிக்குள்ள பால்கோவாவ வெச்ச மாதிரி இருக்கு” என்றார், இன்னொன்று கேட்டு வாங்கினார்.

கிரீமில் முட்டை உண்டு. கன்னோலி ஓட்டிலும் சில மேல்மாவுகளிலும் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. “ஸ்த்ரூத்தோ” இருக்கிறதா என்று கேளுங்கள், ஒளிக்காமல் சொல்வார்கள். பழவடிவப் பாதாம் இனிப்பான ‘மர்த்தொரானா’ பெரும்பாலும் பாதாமும் சர்க்கரையும்தான், இருந்தாலும் சிலர் முட்டை வெள்ளை சேர்ப்பதால் கேட்டு வாங்குங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், அவசரப்படாவிட்டால். வாசலிலிருந்து நடு ஊர் வரை ஏற்றம்தான். நூற்றாண்டுக் கணக்கில் தேய்ந்த கற்கள் கண்ணாடி மாதிரி வழுவழு. ரப்பர் அடியுள்ள செருப்பு அவசியம், ஊன்றுகோல் இருந்தால் இன்னும் நல்லது. சக்கரப் பெட்டியை இந்தக் கற்களில் இழுக்க முடியாது. பெரிய பெட்டியைத் திராப்பனியில் விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு ஏறுங்கள். எங்கள் விடுதிக்காரரிடம் முன்கூட்டியே சொன்னபோது வாசல்வரை வந்து பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வாங்கி வர என்ன இருக்கிறது?

‘ஃப்ரசாத்தே’ என்ற கம்பளம். மிச்சத் துணிகளைக் கீற்றாகக் கிழித்துத் தறியில் நெய்வது, அழுத்தமான நிறங்களில் கட்டம் கட்டமாக இருக்கும். சின்னதாக வாங்கினால் பைக்குள் சுருண்டுவிடும்.

பக்கத்தில் வேறு எங்கே போகலாம்?

செஜெஸ்தாவில் கூரையில்லாத, ஆனால் தூண்கள் அத்தனையும் நிற்கும், டோரிக் என்ற கிரேக்கப் பாணியில் கட்டிய கோயிலைப் பாருங்கள், வெள்ளிப் பாத்திரக் கதை அங்கே முழுமையாகும். திராப்பனி உப்பளங்களின் காற்றாலைகளைச் சூரியன் மறையும் நேரத்தில் பாருங்கள். நாள் மிச்சம் இருந்தால் ஃபவிஞ்ஞானா தீவு.

அந்தப் பக்கம் தமிழர்கள் உண்டா?

எரிச்சேயில் நான் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் பலேர்மோவில் ஈழத்தமிழர்கள் 1980-களிலிருந்தே வாழ்கிறார்கள். அந்நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் மோந்தே பெல்லெக்ரினோ மலையில் இருக்கிறது. கிறிஸ்தவர் மட்டுமல்ல, இந்துக்களும் அங்கே நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள். பலேர்மோவில் ஒரு நாள் இருந்தால் அந்த மலைக்கும் போய்வாருங்கள். தமிழ் கேட்கும்.

விசா?

இந்தியா, இலங்கை கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசா வேண்டும்.

மறுநாள் காலை விமானம் என்றால் மேலே தங்கலாமா?

வேண்டாம். முதல் கேபிள் கார் விடிகாலையில் கிளம்பாது, காலைப் பேருந்துகளும் குறைவு. பனி இறங்கியிருந்தால் டாக்சிக்காரரும் மெதுவாகத்தான் ஓட்டுவார். எரிச்சே ராத்திரியைப் பயணத்தின் நடுவில் வையுங்கள், கடைசி ராத்திரியைத் திராப்பனியிலோ பலேர்மோவிலோ கழியுங்கள். மேலே தங்கும் அன்று பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஏறுங்கள். நீங்கள் ஏறும் நேரத்தில் எதிர்ப் பெட்டிகளில் கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும்.